சுவர் குடித்த மூச்சு

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் நான் சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பும் ஒன்றுதான், சார். உங்கள் மேசையில் பீடா மடித்த காகிதத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச விட்டீர்களானால், ஜோகுபாளையம் வீட்டில் முனிராஜும் அவன் மனைவி சுனிதாவும் எப்படி இறந்தார்கள் என்பது தானாக விளங்கிவிடும். குளிருக்குக் கரி மூட்டித் தூங்கிய வாட்ச்மேன் தம்பதி என்று எழுதி வழக்கை முடித்திருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். என் பெயர் அச்யுத். அந்த வீட்டைக் கட்டிய இன்ஜினியர்.

கிளிஞ்சல் பழவேற்காட்டிலிருந்து லாரியில் வரும். அத்திபெலேயில் எனக்கு ஒரு சூளை இருக்கிறது. அதில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவேன். சூட்டில் கிளிஞ்சலுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். வடிவம் அப்படியே நிற்கும். கையில் எடுத்தால் அப்பளம் போல எடையே இருக்காது. அதன் மேல் தண்ணீர் தெளித்தால் அடுப்பில்லாமலே கொதிக்கும், வெடிக்கும், மாவாக உதிரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்த மாவோடு மணலையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரையும் சேர்த்து அரைத்துப் பூசுகிறோம்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். சூளையில் இழந்த வாயுவைச் சுவர் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. இழுக்க இழுக்க மறுபடியும் கிளிஞ்சலாகிறது. சிமென்ட் தண்ணீரால் இறுகும். சுண்ணாம்பு காற்றால் இறுகும். ஆகவே நாளாகும். மழைக்காலத்தில் இன்னும் நாளாகும்.

வீட்டுக்காரி நிருபமாவிடம் இதை முதலிலேயே விளக்கியிருந்தேன். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகு யாருக்கும் வேதியியல் நினைவிருப்பதில்லை. காண்டிராக்டர் ஓஸ்வால்ட் கார்ச் சாவியால் ஹால் சுவரைக் கீறிக் காட்டினான்.

"என்ன அச்யுத் சார், செவுரா கேசரியா? ஒரு ஸ்பூன் குடுங்க, துன்னுட்டுப் போறேன்."

நிருபமா சிரிக்கவில்லை. "பூஜைக்கு முன்னாடி கெட்டியாகணும் அச்யுத். இல்லேன்னா ஓஸ்வால்ட் சுரண்டிட்டு சிமென்ட் பூசிடட்டும். எனக்கு வேற வழி தெரியல."

என் சுவரின் மேல் சிமென்ட். அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

சுவருக்கு வேண்டியது கரியமில வாயு. அதை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கலாம். அறையை மூடி, சட்டியில் கரி மூட்டி வைத்தால் போதும். கூடவே ஆட்களும் தூங்கினால் இன்னும் நல்லது. மனித மூச்சில் அந்த வாயுவும் இருக்கிறது. சுண்ணாம்பு இறுகத் தேவையான ஈரமும் இருக்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கலாம். கணக்குச் சரியானது.

முனிராஜும் சுனிதாவும் வெளியே தகர ஷெட்டில் இருந்தார்கள். அது ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அவர்களுக்கு ஹாலைக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"சும்மா படுத்துத் தூங்குங்க. மிச்சத்தைச் செவுரு பார்த்துக்கும்" என்றேன்.

சுனிதாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "தாலி கட்னவரே என் மூச்சுக்கு இவ்ளோ மரியாத குடுத்ததில்ல சார்."

"நீ படுக்கவே வேணாம்டி. பேசினே இரு, செவுரு ஒரே நாள்ல காஞ்சிரும்" என்றான் முனிராஜ்.

காலையில் போய்ச் சுவரை ஓரமாகக் கீறி மஞ்சள் தண்ணீர் தடவிப் பார்ப்பேன். இறுகாத சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். இறுகிய இடத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு முன்னேற்றம் நின்றுவிட்டது. எங்கே தடவினாலும் சிவப்பு. காரணத்தை முனிராஜே சொன்னான்.

"தலை கிர்ருனு சுத்துது சார். இவளுக்கு ஒரே வாந்தி. ஜன்னல தொறந்து வெச்சா சரியாப் பூடுது."

"புதுச் சுண்ணாம்பு வாசனை, அப்படித்தான் இருக்கும். மோர் குடி" என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். மூடிய அறையில் அரைகுறையாக எரியும் கரி இன்னொரு வாயுவையும் விடும். கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுண்ணாம்பு அதைச் சீண்டவும் செய்யாது. மனித ரத்தம்தான் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். இரண்டாவது கட்டம் வரை வந்துவிட்டார்கள் என்பது அவன் சொன்னதிலிருந்தே விளங்கியது. அதே சமயம், ஒவ்வொரு முறை ஜன்னலைத் திறந்தபோதும் என் சுவருக்குச் சேர வேண்டியதைத் தெருவில் விட்டிருக்கிறார்கள் என்பதும் விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அது முழுதாகப் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னல் இடுக்குகளையும் வென்டிலேட்டரையும் சுண்ணாம்புச் சாந்தால் நானே அடைத்தேன். மேஸ்திரியை விடவில்லை. சுனிதா இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"என்னா சார், எங்கள ஊறுகா போடறீங்களா?"

நானும் சிரித்தேன். கரியை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டேன். அவர்கள் படுத்த பிறகு கதவை வெளியே பூட்டினேன். பூட்டாவிட்டால் திறந்துவிடுவார்கள்.

விடிந்ததும் திறந்தேன். சுனிதா ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். இடுக்குச் சாந்தில் நகக்கீறல்கள் இருந்தன. முனிராஜ் பாயைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. நான் முதலில் மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தேன். நான்கு சுவரிலும் தடவினேன். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. அதன் பிறகு இடுக்குகளில் இன்னும் ஈரமாயிருந்த சாந்தைச் சுரண்டி எடுத்தேன், பூட்டை ஒளித்தேன், ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் எழுதிக்கொண்டது எனக்கு வசதியாகவே இருந்தது. அப்படியே விட்டிருப்பேன். ஆனால் ஓஸ்வால்ட், பச்சைச் சுண்ணாம்பிலிருந்து விஷவாயு கிளம்பித்தான் இரண்டு பேரும் செத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நிருபமாவும் நம்பிவிட்டாள். நாளைக்கு ஹாலைச் சுரண்டப்போகிறார்களாம்.

சுண்ணாம்பு வாயுவை எடுத்துக்கொள்ளுமே தவிர விடாது, சார். இவ்வளவு நேரம் நான் விளக்கியது அதைத்தான். அது யாரையும் கொல்லவில்லை. கரி மூட்டியது நான், காற்றை அடைத்தது நான், கதவைப் பூட்டியது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். கொலை என்றே எழுதுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த அம்மாளுக்கு இப்போதே போன் செய்து சுரண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேரின் மூச்சு அங்கே கல்லாக நிற்கிறது. அதைச் சுரண்டிக் குப்பையில் கொட்டினால் அவர்கள் செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும், சார். அந்தப் பாவத்தை என் தலையில் கட்டாதீர்கள்.