வாளிக்குள் பவளப்பாறை

தங்கை: மூச்சு முட்டுதுக்கா!

அக்கா: இன்னும் தண்ணியில முகத்தையே வைக்கல. அதுக்குள்ள என்னடி மூச்சு முட்டுறது?

தங்கை: இந்த மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுதே...

அக்கா: மூடத்தான் செய்யும். வாயால மூச்சு விடு. தீவுக்குப் போய்க் கடல்ல இறங்கப் போறவ, என் கடை வாளிக்கே இந்த ஆட்டம் ஆடினா எப்படி?

தங்கை: கடல்ல மீனு மட்டும்தான் பார்க்கும். இங்க முழுக்கக் கண்ணாடிக் கதவு. ரோட்ல போறவங்க எல்லாம் நின்னு வேடிக்கை பார்க்குறாங்க.

அக்கா: பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கட்டும். போடப் போறவங்க போட்டுப் பார்க்காம நான் எந்தக் கண்ணாடியையும் வெளிய விட்டதில்ல. தண்ணியில போடுறதைத் தண்ணியிலதான் பார்க்கணும்.

தங்கை: ஆனா... என்னமா ஒட்டியிருக்கேக்கா! பவர் லென்ஸ் எங்க முடியுது, மாஸ்க் கண்ணாடி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே!

அக்கா: ஐஸ் வைக்காதே. உள்பக்கம் விளிம்பைத் தடவிப் பாரு. கீறுதா?

தங்கை: வெண்ணெய் மாதிரி வழுக்குது.

அக்கா: ஒரு சின்னக் காத்துக் குமிழி மாட்டிக்கிட்டாலும் போச்சு. மீனைப் பார்க்கப் போன இடத்துல குமிழியைத்தான் பார்த்துட்டு வரணும். ஒட்டிப் பிரிச்சு, ஒட்டிப் பிரிச்சு, நேத்துதான் மனசுக்குத் திருப்தியா வந்துச்சு.

தங்கை: பட்டை மட்டும் லூசா இருக்கு. பின்னாடி நழுவுது. இழுத்துக்கவா?

அக்கா: தொடாதே!

தங்கை: ஏன்க்கா இப்படிக் கத்துறே?

அக்கா: இல்ல... அதை அப்புறம் பார்த்துக்கலாம். கையால பிடிச்சுக்கோ. அது சரி, படகு எத்தனை மணிக்குன்னு சொன்னே?

தங்கை: விடிஞ்சதும் கிளம்பிடும். பாதிப் பகல் கடல்லதான். அப்புறம் தீவு. மணல்லேயே சின்னச் சின்ன வீடு கட்டி விட்டிருக்காங்க. கதவைத் திறந்தா கால் வைக்கிற இடம் கடல். இடுப்பளவு தண்ணியில நடந்தாலே பவளப்பாறை வந்துடுமாம்.

அக்கா: அதை மிதிச்சுடாதே. பாறைன்னு பேருதானே தவிர, உயிருள்ளது. ஒரு விரல் நீளம் வளர வருஷக்கணக்காகுமாம்.

தங்கை: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: எங்கேயோ படிச்சேன். ரூம்ல கட்டில் ஒண்ணா, ரெண்டா?

தங்கை: ரெண்டு... ஏன்?

அக்கா: சும்மா கேட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம்?

தங்கை: போறது நானும் அவரும். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்ன?

அக்கா: சரி, சரி. மாப்பிள்ளை எப்படி இருக்காரு? ஏரியில கால் மிதிக்கிற படகு, வாத்து மாதிரி இருக்குமே, அதுல ஏறினதுக்கே ஒரு வாரம் படுத்தாரே... அவரா பாதிப் பகல் கடல்ல வரப் போறாரு?

தங்கை: மாத்திரை போட்டுப்பாரு.

அக்கா: ஓ... மாத்திரை. நல்ல மாத்திரையா வாங்கு. ஆமா, நீ கழட்டி வெச்ச கண்ணாடி இதுதானே? என்னடி இது, இவ்வளவு அழுக்கு! கைரேகை எல்லாம் அப்படியே இருக்கு.

தங்கை: துடைக்க மறந்துட்டேன். கொடு இங்க.

அக்கா: முன்னெல்லாம் ஒரு தூசி பட்டா முந்தானையைத் தேடுவே.

தங்கை: வேலைக்கா. பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம். முகம் கழுவவே நேரமில்ல... யாரோ வர்றாங்க பாரு.

டிரைவர்: அம்மா, உள்ள வரலாமா? யாரையோ வாளியில முக்கப் போறீங்க போல?

அக்கா: வாங்க டிரைவர் அண்ணே. என் தங்கச்சிதான். இன்னும் முக்கல. என்ன விஷயம்?

டிரைவர்: கண்ணாடி நழுவுதும்மா. வளைவுல பஸ்ஸைத் திருப்பினா மூக்கு நுனியில வந்து உட்காருது.

அக்கா: கொடுங்க பார்ப்போம். மறுபடியும் ஒத்தைக் கையால கழட்டினீங்களா?

டிரைவர்: இன்னொரு கை ஸ்டீயரிங்ல இருக்கேம்மா.

அக்கா: அதான் கண்ணாடியோட ஒரு காதுக்கம்பி அகண்டு போயிருக்கு. கொஞ்சம் சூடு காட்டணும்... இப்படி வளைச்சு... போடுங்க. குனிங்க. தலையை ஆட்டுங்க.

டிரைவர்: அட, அசைய மாட்டேங்குதே! தங்கச்சிம்மா, உங்க அக்கா கைக்குத் தங்கக் காப்பு போடணும். எத்தனையோ கடை ஏறி இறங்கினவன் நான். எல்லாரும் நாற்காலியில உட்கார வெச்சு எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க. இவங்க மட்டும் என் பஸ்ல ஏறி, சீட்டுக்குப் பின்னாடி நின்னு, நான் ரோட்டை எப்படிப் பார்க்குறேன், மீட்டரை எப்படிப் பார்க்குறேன்னு பார்த்துட்டு வந்து லென்ஸைத் தேய்ச்சாங்க.

தங்கை: பஸ்ல ஏறியா? இதை நீ சொன்னதே இல்லியேக்கா!

அக்கா: டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறினேன். அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?

டிரைவர்: அதான் கேக்குறேன், நாளையிலேருந்து இந்தக் கண்ணாடிக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க—

அக்கா: பேசாதீங்க. மூக்குப் பக்கம் இன்னும் சூடு ஆறல.

தங்கை: நாளையிலேருந்து என்ன?

டிரைவர்: இல்லம்மா, பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு, சாவியை அவர்கிட்ட—

அக்கா: பஸ்ஸை எங்க நிறுத்தியிருக்கீங்க?

டிரைவர்: ஐயோ! ஸ்டாப்லேயே நிக்குது! உள்ள ஆளுங்க இருக்காங்க! வரேம்மா!

தங்கை: என்ன சாவிக்கா?

அக்கா: ஷட்டர் பூட்டு மக்கர் பண்ணுது. எண்ணெய் விடணும். நீ குனி.

தங்கை: எனக்கென்னமோ...

அக்கா: குனிடி!

தங்கை: ம்ம்... க்ளுப்... ம்ம்ம்!

அக்கா: தண்ணிக்குள்ள பேசினா எனக்கு என்ன புரியும்? தூக்கிட்டுச் சொல்லு.

தங்கை: அப்பா...! பிரமாதம்க்கா! அவ்வளவும் துல்லியமா தெரியுது.

அக்கா: என்ன தெரியுது?

தங்கை: படம்தான். உன் டெஸ்ட் ரூம் சுவத்துல இருக்குமே, அந்தப் பவளப்பாறைப் படம். அதைத்தானே வாளி அடியில போட்டிருக்கே?

அக்கா: அதேதான். பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். சொல்லு, ஒண்ணொண்ணா சொல்லு.

தங்கை: நடுவுல ஆரஞ்சு மீன். வெள்ளைப் பட்டை போட்டது. அதுக்கு மேல மஞ்சக் கூட்டம். இடது பக்கம் மூளை மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு பவளம். அதுல நீல நட்சத்திரம் ஒட்டிக்கிட்டிருக்கு.

அக்கா: எல்லாம் தெளிவா?

தங்கை: கண்ணாடி மாதிரி!

அக்கா: வலது பக்கம், கீழ் மூலையில?

தங்கை: ஆமை. பச்சை ஆமை. மேல பார்த்து நீந்துது.

அக்கா: ஆமையும் தெரியுதா?

தங்கை: அது கண்ணு, இமை, எல்லாம் தெரியுது. நீ மந்திரக்காரிக்கா!

அக்கா: ஏன்டி... வாளி என்ன வடிவம்?

தங்கை: வட்டம்.

அக்கா: படம்?

தங்கை: சதுர... ம்...

அக்கா: நாலு மூலையையும் கத்தரிச்சுட்டுத்தான் உள்ள போட்டேன். உன் பச்சை ஆமை அதோ, மேஜை மேல, இமையோட கிடக்கு.

தங்கை: ஐயையோ, படத்தையா வெட்டினே?

அக்கா: எதுவும் தெரியல இல்ல?

தங்கை: எல்லாம் மங்கல்க்கா. படம் மனப்பாடம், அதான்... நீ பொழுதுக்கும் "ஆடாம அந்த ஆரஞ்சு மீனைப் பாரு"ன்னு சொல்லித்தானே எனக்கு டெஸ்ட் பண்ணுவே. ஆனா நீ தேய்ச்சதுல தப்பில்ல! சத்தியமா இல்ல. தப்பு என் மேலதான்.

அக்கா: என்ன தப்பு?

தங்கை: திட்டக் கூடாது.

அக்கா: சொல்லு.

தங்கை: நான்... கண்ணுக்கு லேசர் பண்ணிக்கிட்டேன். எனக்கு இப்ப பவரே இல்ல. அந்த அழுக்குக் கண்ணாடி வெறும் கண்ணாடி. நான் கடலுக்குப் போறேன்னு சொல்லி பவர் மாஸ்க் கேக்கலேன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னுதான் இதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அக்கா: பண்ணிக்கிட்டு வந்த அன்னிக்கே தெரியும்.

தங்கை: என்ன!

அக்கா: உன் பழைய பவர்ல, கண்ணாடிக்குள்ள கன்னம் உள்வாங்கித் தெரியும். அன்னிக்கு வாசல்ல நின்னியே, கன்னம் நேரா இருந்துச்சு. இதைப் பார்க்கத் தெரியலேன்னா நான் எதுக்குடி கடை வெச்சிருக்கேன்?

தங்கை: தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயைத் திறக்கல?

அக்கா: நீ ஏன் திறக்கல?

தங்கை: எப்படிக்கா சொல்வேன்? சின்னப் பள்ளிக்கூடத்துலேருந்து நீ தேய்ச்ச கண்ணாடியிலதான் நான் உலகத்தைப் பார்த்தேன். கரும்பலகை, படிச்ச புத்தகம், கல்யாண மேடையில அவர் முகம்... எல்லாம் உன் கையாலதான் தெரிஞ்சுது. இனிமே நீ வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு...

அக்கா: பைத்தியம். பொய் சொல்ல மாட்டேன், அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் நீ கண்ணாடியைக் கழட்டி முகம் துடைச்சே பாரு... அப்பதான் கவனிச்சேன். நான் போட்ட லென்ஸுக்குள்ள உன் கண்ணு பட்டாணியளவுதான் தெரியும். இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் இருந்தான்னு, பார்த்துக்கிட்டே நின்னேன். அவ்வளவு அழகா இருக்கேடி நீ.

தங்கை: அக்கா...

அக்கா: அழாதே. மாஸ்க்ல ஆவி படியும்.

தங்கை: அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். அவர் வரலை. வர்றதாவே இல்ல.

அக்கா: ம்.

தங்கை: ரெண்டாவது டிக்கெட் உன் பேர்ல இருக்கு.

அக்கா: ம்.

தங்கை: என்ன ம்? அருவிக்குக் கூப்பிட்டேன், பஸ் ஏறுற இடம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டே. கடற்கரைக்குக் கூப்பிட்டேன், யாருக்கோ கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னே. இதுவும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் கடைசி நிமிஷம் வரைக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். உண்மையைச் சொல்லு, ஏன்க்கா திரும்பினே?

அக்கா: அருவியில கண்ணாடியோட நிக்க முடியுமா? அலையில முடியுமா? கழட்டிட்டா பக்கத்துல நிக்கிற உன் முகமே எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவளை நீங்க எல்லாரும் கையைப் பிடிச்சு, "இந்தப் பக்கம் வா, அங்க கல்லு இருக்கு"ன்னு கூட்டிட்டுப் போவீங்க. எனக்கு அது பயம். பயம்னு சொல்ல வெட்கம்.

தங்கை: இவ்வளவுதானா... இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

அக்கா: நீ லேசரைச் சொன்னியா?

தங்கை: சரி, சரி. ஆனா நாளைக்கு விடிஞ்சா படகு. இனிமே உனக்கு எங்க போய் மாஸ்க் தேட, எப்பத் தேய்க்க? எனக்குப் பவரே இல்லேன்னு தெரிஞ்சும் இதுல என் பழைய பவரைப் போட்டு, விளையாட்டுக்குன்னு இவ்வளவு பாடுபட்டு ஒட்டி வெச்சிருக்கே! ஆசையா சுவத்துல மாட்டியிருந்த படத்தையும் வெட்டிட்டே. யாருக்கு ஆச்சு இந்த மாஸ்க்?

அக்கா: கழட்டி இப்படிக் கொடு... பட்டையை இழுக்காதேடி, என் கொண்டைக்கு அளவு வெச்சிருக்கேன். அதுல இருக்கிறது என் பவர். நகரு, நான் குனிஞ்சு பார்க்கணும். போடப் போறவங்க போட்டுப் பார்க்காம நான் எந்தக் கண்ணாடியையும் வெளிய விட்டதில்ல.