ஓட்டுறவன் மட்டும் போதும்

யோகராஜ்: பைய மடியில வச்சுக்கங்க மச்சான். கீழ டீசல் கறை கெடக்கு. கம்பெனி குடுத்த பை, அழுக்காயிறப் போகுது.

அருள்பாண்டி: வெரசா ஓட்டு மாப்ளே. ரயிலு கெளம்பிரும்.

யோகராஜ்: உங்கள விட்டுட்டா? பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்சே கட்டியிருக்காங்க. ரயில நிப்பாட்டி வைக்க மாட்டாங்களாக்கும்.

ஜோதி: டேய் யோகு, பின் சீட்டுல ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன். அக்கா புருசன் வேலைக்குப் போறாரு. சிரிச்ச மொகமா அனுப்பி வைக்க மாட்டியா?

யோகராஜ்: சிரிச்சுக்கிட்டுத்தானக்கா இருக்கேன்.

ஜோதி: அதுவா சிரிப்பு? பல்லு வலிக்காரன் மாதிரி இருக்கு.

யோகராஜ்: நீ அந்த ஃப்ளெக்ஸப் படிச்சியா? 'எல்லை காக்கப் புறப்படும் போடியின் ட்ரோன் நாயகன்'. ட்ரோன செஞ்சவன் பேரு எங்கேயுமே இல்ல. ஓரத்துல ஜெராக்ஸ் கடைக்காரன் போட்டாகூட இருக்கு.

ஜோதி: இவரு கூட்டாளிக கட்டுனது. அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?

அருள்பாண்டி: விடு ஜோதி. அவன் சொல்றது நெசந்தான. செஞ்சது அவன்தான்.

யோகராஜ்: பாத்தியா, மச்சானே ஒத்துக்கிட்டாரு. பெரிய மனசு.

ஜோதி: நீ செஞ்சத யாருடா இல்லேன்னா? தேவாரத்துப் பக்கம் யானை தோப்புக்குள்ள எறங்குனா எந்த மரத்தடியில நிக்குதுன்னு தெரியாம ஊரே அலமந்து போச்சு. நீதான் ட்ரோனுக்கு நூலு கட்டி உள்ள விட்டுக் கண்டுபிடிச்ச.

யோகராஜ்: நூலில்லக்கா. எத்தன தடவ சொல்றது? கண்ணாடி இழை. வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுப்பாங்கள்ல, அதுலயே தலமுடி கனத்துக்கு. உருளையில சுத்தி ட்ரோனு வயித்துல வச்சா, பறக்கப் பறக்க அவுந்துக்கிட்டே போகும். ஏலத்தோட்டத்துக்குள்ள சிக்னலு செத்துப் போகும். இழை சாகாது.

ஜோதி: எனக்கு அது பட்டத்து நூலுதான்.

யோகராஜ்: அந்தப் பட்டத்து நூலத்தான் இப்ப பெரிய பெரிய சண்டையில எல்லாம் விடுறாங்க. எதிராளி சிக்னல அமுக்குற மிஷினு வச்சாலும் இத ஒண்ணும் பண்ண முடியாது. சண்ட நடந்த வயக்காடு பூராம் சிலந்தி வல மாதிரி இழையாக் கெடக்கு, வீடியோ பாத்தேன். பாத்த அன்னைக்கே மச்சான்கிட்டச் சொன்னேன், நம்மளத் தேடி பட்டாளத்துக்குச் சாமான் செய்யிற கம்பெனி வரும்னு. சொன்னேனா இல்லையா?

அருள்பாண்டி: சொன்ன.

யோகராஜ்: நீங்க என்ன சொன்னீங்க?

அருள்பாண்டி: ...செடிக்கு மருந்தடிக்கிற சோலியப் பாருன்னேன்.

யோகராஜ்: கேட்டுக்கக்கா.

ஜோதி: நான் கேக்க நெனைக்கிறது வேற. ஏங்க, நீங்க போற அந்த எல்லைப் பனிமலையில சண்ட கிண்ட வந்துட்டா...

அருள்பாண்டி: நான் சண்டைக்கா போறேன்? சிப்பாய்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கப் போறேன். அதுவும் எல்லைக்கு ரொம்பத் தள்ளி.

யோகராஜ்: இனிமே சண்டைக்கே யாரும் பக்கத்துல போக வேண்டியதில்லக்கா. ரொம்ப தூரத்துல கூடாரத்துக்குள்ள நாற்காலி போட்டு, டீ குடிச்சுக்கிட்டே ஓட்டலாம். மச்சானுக்கு ஏத்த வேல.

ஜோதி: ஒரு வார்த்தையாவது நேராப் பேசுறானா பாரு. சவுகத் அலி பாய் கட வந்துருச்சு, நிப்பாட்டு. இவர வேலைக்கு எடுத்த அந்தக் கம்பெனி ஆபீசருக்கு நல்ல பச்சை ஏலக்காயா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்துர்றேன்.

யோகராஜ்: பாய் மொகத்துல சுரத்தே இல்ல. கடல்ல கப்பல ட்ரோன விட்டு அடிக்கிறாங்கன்னு அரபு நாட்டுக்குப் போக வேண்டிய அவரு லோடெல்லாம் துறைமுகத்துலயே கெடக்கு. அவருகிட்டப் போயி மச்சானுக்கு என்ன வேலைன்னு பெருமையடிக்காத.

ஜோதி: எனக்குத் தெரியும் என்ன பேசணும்னு. நான் திரும்புறதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க.

யோகராஜ்: ...அக்கா ரொம்பப் பூரிச்சுப் போயிருக்கு.

அருள்பாண்டி: ம்.

யோகராஜ்: எங்கம்மா நேத்து நாட்டுக்கோழி அடிச்சுச்சு. நான் காலேஜு முடிச்சுட்டு வந்தப்பக்கூட அடிக்கல. ஈரல உங்க எலையில வச்சுச்சு.

அருள்பாண்டி: அத நான் உன் எலையில எடுத்துப் போட்டேனே.

யோகராஜ்: அதான் இன்னும் தொண்டையில நிக்கிது.

அருள்பாண்டி: இப்ப என்னதான் மாப்ளே வேணும் உனக்கு? மனசுல இருக்கறதக் கேட்டுரு. ஊருக்குப் போற நேரத்துல எனக்கும் பாரமா இருக்கு.

யோகராஜ்: ஒண்ணே ஒண்ணுதான். என்னைய ஏன் எடுக்கல?

அருள்பாண்டி: அதான் சொன்னாங்களே. உன் ட்ரோன்ல மோட்டாரு சீனாக்காரனுது. உள்ள இருக்க போர்டும் அவனுது. அவனுக்கு எதிராவே எல்லையில நிக்கப் போறப்ப, அவன் செஞ்ச சாமான எப்படி நம்பிக் கொண்டு போறது? எல்லாத்தையும் இங்கயே அவங்களே செஞ்சுக்கிறாங்களாம். மிஷினு வேணாம், ஓட்டுறவன் மட்டும் போதும்னாங்க.

யோகராஜ்: சரி, மிஷினு வேணாம். நான் ஓட்டுறவன் இல்லையா? உங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தவன் யாரு?

அருள்பாண்டி: நீதான்.

யோகராஜ்: மொத வாரமே கொண்டுபோயி பலாமரத்துல மாட்டுனீங்க. ஏறி எடுத்தவன் யாரு?

அருள்பாண்டி: நீதான். அதுக்கு இப்ப...

யோகராஜ்: இருங்க, முடிச்சுக்கிறேன். கம்பெனிக்காரங்க மலையில ட்ரோன் டெஸ்ட்டு வச்ச அன்னைக்கு, மலை தெரிஞ்ச ஆளு ஒருத்தரு எதிரி மாதிரி ஒளிஞ்சுக்கணும்னு அந்த ஆபீசர் கேட்டாரு. ஒடனே என் தோளப் பிடிச்சு முன்னாடி தள்ளி விட்டது யாரு?

அருள்பாண்டி: உனக்குத்தான மலை தெரியும்.

யோகராஜ்: எனக்கு ரெண்டும் தெரியும். மலையும் தெரியும், மிஷினும் தெரியும். நான் ஓட்டி நீங்க ஒளிஞ்சிருந்தா, இந்நேரம் இந்தப் பை யாரு மடியில இருக்கும்?

அருள்பாண்டி: உங்கக்காவ இன்னும் காணோமே.

யோகராஜ்: சிக்னல அமுக்குனதும் மத்தக் கம்பெனி ட்ரோனெல்லாம் செத்த காக்கா மாதிரி பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. நம்மது ஒண்ணுதான் பறந்துச்சு. அது என் இழை. நீங்க ரிமோட்டுக் குச்சியப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கைதட்டு உங்களுக்கு.

அருள்பாண்டி: மரத்துக்கு மரம் இழை மாட்டாம ஓட்டுறது அவ்வளவு சுளுவுன்னா நெனைக்கிற?

யோகராஜ்: மச்சான்... நீங்க என்னையப் பத்தி ஏதோ சொல்லியிருக்கீங்க.

அருள்பாண்டி: யாருகிட்ட?

யோகராஜ்: அந்த ஆபீசர்கிட்ட. முடிஞ்சு நான் சரிவுல ஏறி வர்றேன். அவரு உங்க தோள்ல கையப் போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டு இருக்காரு. என்னையப் பாத்ததும் ரெண்டு பேரும் வாய மூடிட்டீங்க. கோவக்காரன், அடங்க மாட்டான், சொன்ன பேச்சுக் கேக்க மாட்டான்... அப்படி ஏதாச்சும் போட்டு விட்டீங்களா?

அருள்பாண்டி: உன்னையப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லல. கருப்பசாமி மேல சத்தியம்.

யோகராஜ்: அப்ப என்னதான் பேசுனீங்க?

அருள்பாண்டி: வேணாம் மாப்ளே. போற நேரத்துல எதுக்கு அது?

யோகராஜ்: சரி, நீங்க சொல்ல வேணாம். நான் ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தது. ஃப்ளெக்ஸப் பாத்ததுலருந்து முடியல. அன்னைக்கு நீங்க என்னையக் கண்டுபிடிக்கல.

அருள்பாண்டி: சொல்லு.

யோகராஜ்: ஓடைக்கு மேல பாறை இருக்குல்ல, அதுக்கு அடியில படுத்திருந்தேன். சணல் சாக்க ஓடைத் தண்ணியில முக்கி எடுத்துத் தலையோட போத்திக்கிட்டேன். ஈரச் சாக்குக்குள்ள இருந்தா ஒடம்புச் சூடு நம்ம ட்ரோனோட சூட்டுக் கேமராவுல ஏறாது. யானைக்குன்னு அதத் தேடிப் பிடிச்சுப் பூட்டுனவன் நான். எனக்குத் தெரியாதா? நீங்க தலைக்கு மேல போனீங்க. திரும்பி வந்தீங்க. மறுபடி தாண்டிப் போனீங்க. பொழுது சாயிற வரைக்கும் சுத்தியிருந்தாலும் சிக்கியிருக்க மாட்டேன்.

அருள்பாண்டி: அப்பறம்?

யோகராஜ்: அப்பறம் என்ன அப்பறம். நான்தான் சாக்க விலக்குனேன். வெளிய வந்து ஒக்காந்தேன். உங்களுக்காக இல்ல, எம் மிஷினு தோத்துறக் கூடாதேன்னு. அக்காவையும் கொஞ்சம் நெனச்சேன், அது ஒரு ஓரத்துல. அதனால இந்த வேல உங்க தெறமைக்கு வந்ததில்ல மச்சான். நான் விட்டுக் குடுத்தது. ரயில்ல சன்னலோரமா ஒக்காந்து போறப்ப நெனச்சுக்கங்க.

அருள்பாண்டி: ...தெரியும்.

யோகராஜ்: என்ன தெரியும்?

அருள்பாண்டி: நீயா வெளிய வந்தது.

யோகராஜ்: எப்படித் தெரியும்?

அருள்பாண்டி: திரையப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒண்ணுமில்லாத எடத்துல மொதல்ல ஒரு கை வந்துச்சு. அப்பறம் தல. சூட்டுக் கேமராவ மாத்திட்டு சாதாக் கேமராவுல கீழ எறக்குனேன். உன் மொகமே தெரிஞ்சுச்சு. மேல பாத்துச் சிரிச்ச. கையக்கூட ஆட்டுன.

யோகராஜ்: அப்ப, இவனா வெளிய வந்துட்டான், நான் கண்டுபிடிக்கலன்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான?

அருள்பாண்டி: அதுக்குள்ள அவரு பக்கத்துல வந்து நின்னு ரிமோட்டுல ஒரு பட்டனக் காட்டுனாரு. ட்ரோன்ல குண்டு இருக்குன்னு வச்சுக்கங்க, ஆளு கெடச்சாச்சு, இப்ப என்ன செய்வீங்கன்னாரு.

யோகராஜ்: ...டெஸ்ட்டுக்குத்தான.

அருள்பாண்டி: டெஸ்ட்டுக்குத்தான். குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. வெறும் பட்டன்.

யோகராஜ்: சார், அது எம் மச்சினன்னு சிரிச்சிருப்பீங்க.

அருள்பாண்டி: உங்கக்கா கடைய விட்டு வெளிய வருது பாரு. வண்டிய எடு.

யோகராஜ்: வரட்டும். என்ன சொன்னீங்க அவருகிட்ட?

அருள்பாண்டி: மொகம் தெரிஞ்சுட்டா, மொதத் தடவ எப்பேர்ப்பட்டவனுக்கும் கை நின்னுருமாம். எத்தனையோ பேர அப்படிப் பாத்திருக்காராம். தோள்ல கையப் போட்டு அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

யோகராஜ்: மச்சான்... நான்னு தெரியாமத்தான?

அருள்பாண்டி: நீன்னு தெரிஞ்சுதான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து உங்க வீட்டுல யோகு மூளை, யோகு தெறமை. நான் நீ செஞ்சத ஓட்டுறவன். அங்கயும் நீ மேல பாத்து, போனாப் போகுதுன்னு எனக்கு விட்டுக் குடுக்குற மாதிரி சிரிச்ச மாப்ளே. எங் கை நிக்கல. அழுத்திட்டேன்.