சொன்னவரிடமே படித்துக் காட்டிய ரமீஸா ஆசிரியை அவர்களுக்கு

பழவேற்காட்டில் பிறந்து, பொன்னேரியில் பயின்று, முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கும்மிடிப்பூண்டியில் வரலாறு கற்பித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அம்மையீர்! ஆலைச் சங்கு ஊதும் ஊரில் அதட்டல் இல்லாமலே வகுப்பை அமைதிப்படுத்தியவரே! தொழுகையிலும் தொண்டிலும் தவறாதவரே! உடன் பணியாற்றிய எங்கள் அனைவரின் வணக்கம்.

இந்த விளிகள் முதலில் இன்னும் நீளமாக இருந்தன. ஒருவரைப் பற்றியோ, ஒருவர் சொல்லக் கேட்டோ எழுதினால் அவரிடமே படித்துக் காட்ட வேண்டும், அவர் தலையசைத்த பிறகே அது எழுத்து என்பது உங்கள் வழக்கம். அதனால் நேற்று மாலை இம்மடலை உங்களுக்கே படித்துக் காட்டினோம். "கல்விக் கடலே, கருணை மலையே" என்ற இடத்தில் கையை உயர்த்தினீர்கள். "கடலும் மலையும் வேணாம் சார். முட்டி வலியோட மாடி ஏறினேன்ல, அத வேணா போட்டுக்குங்க" என்றீர்கள். போட்டுவிட்டோம்.

முட்டி வலியோடு ஏறிய அந்த மாடி வகுப்பில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருந்ததில்லை. "நாஷ்டா சாப்ட்டியா?" என்பதுதான். இரும்பு ஆலையில் இரவு வேலை முடிந்து வரும் தகப்பனுக்காகக் காத்திருந்து, வெறும் வயிற்றோடு தாமதமாக ஓடிவரும் பிள்ளைகளை நீங்கள் வெளியே நிறுத்தியதில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பானிப்பட்டுப் போரைத் தொடங்குவீர்கள். நோன்பு மாதத்திலும் அந்த இழுப்பறை காலியாக இருந்ததில்லை.

உங்கள் பணியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பேசியபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: 2006ஆம் ஆண்டு பல பள்ளிகள் கலந்துகொண்ட வரலாற்றுக் கண்காட்சி.

இரண்டாம் உலகப் போரின்போது, மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களை ஜப்பானியப் படை ரயில்பாதை போடச் சயாம் காட்டுக்கு இழுத்துச் சென்றது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் நம் மாவட்டத்திலும் சிலர் இருக்கக்கூடும், அவர்கள் கண்ணால் கண்டதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள் என்று பதினோராம் வகுப்பு மாணவர்களை நீங்கள் அனுப்பினீர்கள். கடம்பத்தூரில் அப்பாவு என்ற எண்பது வயதுப் பெரியவர் கிடைத்தார். தம்மோடு வேலை செய்து அங்கேயே இறந்துபோன பெரியபாளையத்துக் குப்புராஜைப் பற்றியும் அவர் சொன்னார்.

கேட்டு எழுதியவள் பிரின்சி. கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கும் பெண். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று நாமெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவளும் அழகாகவே எழுதினாள்: "துப்பாக்கி முன்னே துவளாமல் நின்று, மார்பிலே குண்டேந்தி மண்ணிலே சாய்ந்தான் மாவீரன் குப்புராஜ்."

அத்தோடு நிற்கவில்லை. நம் பள்ளி வாசலில் கொய்யாவும் வேர்க்கடலையும் விற்கும் பூவம்மாளின் தகப்பன்தான் அந்தக் குப்புராஜ். போர் மூளும் முன், பூவம்மாள் வயிற்றில் இருக்கும்போதே அவர் தாய் மட்டும் மலேயாவிலிருந்து ஊர் திரும்பிவிட, போருக்குப் பின் தகப்பனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. "எங்க அப்பாரு எப்டி போனாருன்னு ஒருத்தர் சொன்னா போதும்" என்று பூவம்மாள் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. பிரின்சி பாசத்தோடு ஓடிப்போய், தான் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டாள். சொன்ன அப்பாவுவிடம் படித்துக் காட்டும் முன்பே!

அதற்கடுத்த சனிக்கிழமை, வழக்கப்படி அப்பாவுவிடம் படித்தீர்கள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தாராம்.

"யாரும்மா அந்த மாவீரன்? எனக்குத் தெரிஞ்ச குப்புராஜ் அண்ணன், ஜப்பான்காரன் தொப்பி தெரிஞ்சாலே மூங்கில் புதருக்குள்ள பூந்துக்குவாரு. நானும் பின்னாலயே பூந்துக்குவேன். அதான் இன்னிக்கி ஒக்காந்துகினு கீறேன். அவரு காலரால போனாரும்மா. நான் சொன்னத எழுது."

இதற்குள் பூவம்மாள் கொய்யாக் கூடையோடு சேர்த்துத் தகப்பனின் வீரத்தையும் தெருத்தெருவாகச் சுமந்துகொண்டிருந்தார். கண்காட்சிக்குப் புதுப்புடவை கூட எடுத்துவிட்டார். விட்டுவிடலாம், அந்த அம்மாவின் மகிழ்ச்சியைக் கெடுப்பது பாவம் என்று எங்களில் பலர் சொன்னோம். நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அப்பாவு ஐயா உயிரோட இருக்கும்போதே அவர் சொன்னத மாத்திட்டோம்னா, அவர் போனப்புறம் யார்கிட்ட போய் கேக்குறது?"

வாசலுக்குப் போய் பூவம்மாளின் அருகில் தரையில் உட்கார்ந்தீர்கள். "உங்க அப்பாகூட இருந்தவரு கடம்பத்தூர்ல இருக்காரு. அவர் சொன்னத நாங்க தப்பா எழுதிட்டோம். அவர் வாயால கேக்குறீங்களா?"

"தப்புன்னா? அது எங்க அப்பாரு இல்லியா?"

"அவருதான்."

"அப்போ வரேன் டீச்சரம்மா."

மறுநாள் நீங்கள், பூவம்மாள், பிரின்சி, துணைக்கு எங்கள் செண்பகம் ஆசிரியை என நால்வரும் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிப் போனீர்கள். அங்கே நடந்ததைச் செண்பகம் சொல்ல அறிந்தோம்.

பிரின்சி முதலில் பேசினாள். "யாரும் சுடலைங்க ஆயா. நான்தான் அழகா இருக்கட்டும்னு எழுதிட்டேன்."

பூவம்மாள் அவளைத் திட்டவில்லை. அப்பாவுவைப் பார்த்துக் கேட்டார்: "ஒண்டியா கெடந்தாரா?"

"இல்லம்மா. காலரா கொட்டாய்க்குள்ள ஒருத்தரும் போவக்கூடாதுன்னு வெச்சிருந்தானுங்க. நான் பின்னால தட்டிய பிரிச்சிக்கினு உள்ள போனேன். தண்ணி கேட்டாரு. மூங்கில் கொழாய்ல மொண்டாந்து குட்த்தேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு. 'போதும், நீ போடா, ஒனக்கும் ஒட்டிக்கும்'னு தொரத்தினாரு. காலைல போய்ப் பாத்தேன், உசுரு இல்ல."

பூவம்மாள் அழுது தீர்த்தாராம். பிறகு அவரே சொன்னார்: "மார்ல குண்டு பட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். படுத்தா தூக்கம் இல்ல. எப்டி வலிச்சிதோ, யாருமில்லாம எப்டி கெடந்தாரோன்னு என் மாரே வலிக்கும். நீ கூட இருந்தியே சித்தப்பா. அது போதும்."

புதருக்குள் ஒளிந்த மனிதர், சாகும் வேளையில் அடுத்தவனுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று கவலைப்பட்டிருக்கிறார். இதை எங்களில் யாரும் கற்பனையால் எழுதியிருக்க முடியாது. மனிதர் மறந்த இடத்திலும் இறைவன் ஒரு சாட்சியை வைத்திருக்கிறான் என்று நாங்கள் நம்புகிறோம். அந்தச் சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் வாங்கி வைப்பதும் ஒரு வழிபாடு என்று உங்களைப் பார்த்து அறிந்தோம்.

கண்காட்சியில் அப்பாவுவின் பேச்சு அவர் பேசியபடியே அட்டையில் தொங்கியது. நடுவராக வந்தவர் நடை போதாது என்றார். பரிசு வேறு பள்ளிக்குப் போனது. சாயங்காலம் பூவம்மாள் புதுப்புடவையில் வந்தார். எழுத்து தெரியாதவர் என்பதால் பிரின்சியை அருகில் அழைத்துப் படிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தண்ணி குட்த்த எடத்த இன்னொருக்கா படிம்மா" என்றார். பிரின்சி படித்தாள். கூட்டம் கலைந்து விளக்கணைக்க ஆள் வரும்வரை, கேட்ட போதெல்லாம் படித்தாள்.

அம்மையீர்! முட்டி வலி குறைந்து, கண்ணொளி குறையாமல், மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நீங்கள் நெடுநாள் நலமாக வாழ எல்லாம் வல்லவனை வேண்டுகிறோம். எத்தனையோ பேர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்டிருந்தவர் நீங்கள். இனி நீங்கள் பேச விரும்பும் நாளெல்லாம், அவசரமின்றி அருகில் அமர்ந்து கேட்க ஒருவர் இருக்கட்டும். எங்களில் யாரை அழைத்தாலும் வருவோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்
கும்மிடிப்பூண்டி, 31 மே 2008