செட்டோடு வந்த மவுஸ்

"கம்ப்யூட்டரோட சும்மா குடுக்கிற மவுசும்மா அது, மட்டமாத்தான் இருக்கும். தூக்கிப் போட்டுட்டு..."

"இன்னாவாம் உன் புள்ளைக்கு? நல்ல சாமான்னு சொல்லு. போன வாரம்கூட ஓடுச்சு..."

புனேயிலிருந்து போனில் விநாயக், கட்டிலில் என் வீட்டுக்காரர். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்து வைத்து இவருக்குக் காது போய்விட்டது. போன் உதவாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு புரியும். முகம் பார்த்துப் பேசத்தான் மகன் பெரிய திரையோடு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். இப்போது மவுஸ் நின்றுபோனதால் இருவருக்கும் நடுவில் நான் மட்டும்.

அந்த மவுஸ் நல்ல மவுஸ். வந்த நாளிலிருந்து ஒரு குறையும் இல்லை. அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் ஓட்டையில் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியது நான்தான்.

சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சுக்குப் புனேயில் நல்ல டாக்டர் இருக்கிறாராம். வீடு சின்னது, இப்போதைக்கு அப்பா மட்டும் வரட்டும் என்றான் விநாயக். இவரும் பெட்டியைத் துடைத்து வைத்தார். கல்யாணமான நாள் முதல், ஷிப்ட் முடிந்து இவர் மேலே வருவாரா என்று வாசலைப் பார்த்தே இருந்தவள் நான். இனியும் அப்படி உட்கார முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டேவிட் வேறு மவுஸ் கொண்டுவந்தான். இவர் மாட்ட விடவில்லை.

"லேம்ப் ரூம்ல அவனவன் நம்பர் லேம்பைத்தான் எடுப்பான். அடுத்தவன் லேம்போட எறங்கக் கூடாதுப்பா. செட்டோட வந்தது இதான்."

எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. இவரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு அரக்குப் பொட்டு தெரியவில்லை.

அப்பா வரமாட்டேன் என்கிறார் என்று மகனிடம் சொன்னேன். டாக்டரைக் கேட்டுச் சொல்வானாம் என்று இவரிடம் சொன்னேன். பிறகு, அவன் கூப்பிடவே இல்லை என்றேன். விநாயக்கும் வருத்தத்தில் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டதால், அது பாதி உண்மையாகவும் ஆகிவிட்டது.

மழைக்காலம் முழுக்க இவரை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். கஞ்சி, வெந்நீர், இரவெல்லாம் முதுகைத் தடவிவிடுவது. மகன் வீட்டில் யார் செய்திருப்பார்கள்.

கடைசி நாள் மவுசைக் கையில் பிடித்தபடியே சாய்ந்திருந்தார். பேச மூச்சு போதவில்லை. என் உதட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"புள்ள என்னை வாணாம்னுட்டானா, ரத்தினம்?"