இல்லை என்று தட்டியவன்

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். கதவோரம் இருப்பவர் இப்படித் தள்ளி வாருங்கள்... இது என் சிநேகிதன் தங்கையாவின் சித்தப்பா மகன் லியோனார்டுக்கு நேர்ந்தது.

எண்பத்தேழு. தீபாவளிக்கு முதல் நாள். மாலை ஆறரை மணி. கம்போங் ராஜாவைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றைப் பாதை. பனிமூட்டம் முழங்கால் வரை... அப்புறம் இடுப்பு வரை. ஃபேக்டரிக்குக் கீழ் வளைவில் லியோனார்டின் மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

லியோனார்ட் அதை ஓர் உதை உதைத்தான். கோலாலம்பூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஆயுசுக்கும் பேசுகிறவன். தோட்டத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு அவன்தான் ராஜா. குடிகள் யாருமில்லை.

வளைவில் தலையில் கோணியோடு ஒருத்தி நின்றாள். பாஞ்சாலை. கொழுந்து பறிக்கிறவள்.

"ஐயா... எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு உள்ள போனாரு. வெளிய வரல. ஒங்க மெசின்ல இருக்கும்ல?"

"ஒன் புருசன் சிங்கப்பூருக்கு ஓடிட்டான்னு தொரையே சொல்லிட்டாரு. அவரவிட நீ கெட்டிக்காரியா?"

"ஓடுறவரு செருப்ப விட்டுட்டா ஓடுவாரு? தீவாளி கழிச்சு லேபர் ஆபிசரு வந்து பாக்கப் போறாரு. ஓடிட்டாருன்னு ஆயிருச்சுன்னா, புள்ளைங்களோட லயத்து வீட்ட விட்டுப் போவணும்யா."

"அப்ப இப்பவே சட்டிபானையக் கட்டு லா. நேரம் மிச்சம்."

சிரித்தபடி மேலே நடந்தான். ஃபேக்டரி கேட் விளக்கடியில் அவன் நுழையும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் புருஷன் நாகப்பன். இரவு ஷிப்டில், தேயிலை உலர்த்தும் டிரையருக்குள் இறங்கிக் கூட்டப் போனவன். உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்க்காமலே அடுப்பை மூட்டிவிட்டார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. ஓடிவிட்டான் என்று துரை சொன்னார். சொன்னால் முடிந்தது. துரைமார் வாயிலிருந்து பொய் வருமா என்ன?

உள்ளே வருகிறவர் கேட்டில், அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்த திரையில் தன் எண்ணைத் தட்ட வேண்டும், போகும்போதும் தட்ட வேண்டும். தினமும் அதற்கு ஒரு நகல், கேசட்டில். அந்தக் குளிரில் எங்கே வைத்தாலும் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த இடம் டிரையர் ரூம் ஒன்றுதான். அங்கேதான் அலமாரி. இடி விழுந்து கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவெல்லாம் போனபின், மிச்சம் அந்தக் கேசட்டுகள்தான். நூற்றுக்கணக்கில்.

ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தால் தலை நரைத்துவிடும். லியோனார்ட் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். எந்தக் கேசட்டில் எந்தப் பதிவு இருக்கும் என்று அதுவே ஊகித்துக் காட்டி, 'இதுவா?' என்று கேட்கும். ஆம் என்று ஒரு பட்டன், இல்லை என்று ஒரு பட்டன். தட்டத் தட்டக் கற்றுக்கொள்ளும். இல்லை என்று சொன்ன மாதிரிப் பதிவுகளை அப்புறம் சீண்டாது. உள்ளே யார் என்று கேட்டில் கேட்டால், பதில் சொல்வதும் அதே புரோகிராம்தான்.

துரை அவனிடம் சொன்னது இவ்வளவுதான். "கேசட்ட எரிச்சா மாட்டிக்குவோம். மெசினு தானா கண்டுபிடிக்கலன்னா யாரு மேல தப்பு?"

அன்று கேட்டில் யாரும் இல்லை. லியோனார்ட் தன் எண்ணைத் தானே தட்டிவிட்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

நாகப்பன். உள்ளே. இதுவா?

இல்லை.

கேசட் 'கீய்ங்' என்று சுற்றியது. நாகப்பன். உள்ளே. வெளியே போனதாக இல்லை. இதுவா?

இல்லை. இல்லை. இல்லை.

கருகிய தேயிலை வாடை வந்தது. அடுப்பு காலையிலேயே அணைந்துவிட்டது... பக்கத்து டிரையர் ரூமில் துடைப்பம் இழுபடும் சத்தம். சர்ர்க்... சர்ர்க்...

"எலி," என்றான் படித்த மேதை.

நாகப்பன் வருவது நின்றது. சபாஷ், கற்றுக்கொண்டுவிட்டது! எழுந்திருக்கப் போனான். திரையில் இன்னொரு வரி.

லியோனார்ட். உள்ளே. வெளியே போனதாக இல்லை. இதுவா?

"முட்டாள் மெசின்," என்று முணுமுணுத்து, அதற்கும் தட்டினான்.

இல்லை.

கேசட்டுகளை வாரிக்கொண்டு டிரையர் ரூமுக்குள் போனான். அலமாரியைத் திறந்தான். துடைப்பச் சத்தம் நின்றது. பின்னால் கதவு... மெதுவாக... சாத்திக்கொண்டது.

அதே நேரம், கேட்டில் செல்லையா கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. லீவுக்குப் பூட்டுமுன் திரையைக் கேட்டார்: உள்ளே யார்?

யாருமில்லை.

பூட்டினார். வளைவில் பாஞ்சாலை மறித்தாள்.

"கிராணி ஐயா, அந்தக் கம்ப்யூட்டர்காரரு உள்ள போனாரு. இன்னும் வெளிய வரல."

"போன தடவ புருசன், இந்தத் தடவ இவரா? ஒனக்கு வேற பாட்டே தெரியாதா? மெசினே இல்லன்னு சொல்லுது. போய்ப் பலகாரம் சுடு, போ."

லீவு முடிந்து திறந்தார்கள். டிரையர் ரூமில் யாருமில்லை. அலமாரியில் கேசட்டுகள் வரிசையாக இருந்தன. தரை துளி தூசியில்லாமல் கூட்டியிருந்தது. நடுவே ஒரு ஜோடி பளபளப்பான சப்பாத்து, லியோனார்ட் போட்டிருந்த ஷூ.

லேபர் ஆபிசர் ராதாகிருஷ்ணன் உட்கார்ந்து நாகப்பன் பெயரைத் தட்டினார். துரை ஒரு சிரிப்போடு பின்னால் நின்றார்.

முதல் கேசட்டிலேயே வந்தது. நாகப்பன். உள்ளே. வெளியே போனதாக இல்லை. ஆம் என்ற பட்டன் மேல் மட்டும் தேயிலைக் கறை, விரல் விரலாக... துரையின் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாஞ்சாலையின் வீடு அவளுக்கே நின்றது.

லியோனார்ட் ஓடிவிட்டான் என்றார்கள். மோட்டாரை வளைவிலும் சப்பாத்தை உள்ளேயும் விட்டுவிட்டு! அதையும் நம்பினார்கள்.

தங்கையாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் மலையேறிப் போனான். செல்லையாவைக் கெஞ்சி, அந்தக் கம்ப்யூட்டரில் லியோனார்ட் பெயரைத் தட்டினான்.

லியோனார்ட். உள்ளே. வெளியே போனதாக இல்லை. இதுவா?

தங்கையா கையை நீட்டினான். விரல் இன்னும் படவில்லை...

இல்லை என்ற பட்டன், தானாக ஒருமுறை அமுங்கி எழுந்தது.