ஆலிவ் காயில் கொட்டை இருந்தது

வெயில் நேரத்தில் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதென்றால், குடை அகலமாக இருக்கும் மேசையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அந்த இத்தாலிய உணவகத்தின் முற்றத்தில் அப்படி ஒன்றுதான் இருந்தது, நீலக் குடை போட்டது. பத்து நாள் முன்பே போன் செய்து அதைக் கேட்டு வாங்கினேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள். மதியச் சாப்பாடு, ஏழு பேர்.

இன்ஸ்பெக்டர் சார், அங்கிருந்த சமையல்காரரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆலிவ் காயில் கொட்டையை எடுக்காத அலட்சியத்தால் என் கணவர் செத்தார் என்று வழக்காம். அந்த மனிதர் ஜெயிலுக்குப் போகக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் முதலுதவி கற்றுக்கொடுப்பவள். ஆலை, அலுவலகம், பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ரப்பர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போவேன். தொண்டையில் எதுவும் அடைத்துக்கொண்டால் பின்னாலிருந்து அணைத்து வயிற்றை எப்படி அழுத்துவது என்பது என் வகுப்பிலேயே பேர்போன பாடம். என் கணவர் எனக்கு வைத்த பெயர் அரை டாக்டர்.

கல்யாணமான புதிதில் ஒரு ஓட்டலில் அவர் திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகினார். நான் பதறியடித்து ஓடி, அணைத்து அழுத்தினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும்தான். அன்று அரங்கேறிய நாடகம் இருபத்தைந்து வருடம் ஓடியது. என் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுகூட ஒரு காட்சி உண்டு. ஒரு காயையோ கடலையையோ மேலே எறிந்து வாயால் பிடிப்பார். பிறகு தொண்டையைப் பிடிப்பார், மேசையைத் தட்டுவார், தட்டின் மேல் தலையைச் சாய்த்துச் செத்துப்போவார். நான் போய் அணைத்தால்தான் உயிர் வரும். ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் போகவே இல்லை. ஆறு நிமிடம் அப்படியே கிடந்தார். பிடிவாதம் அவருடைய குடும்பச் சொத்து.

அன்று காய்க் கிண்ணத்தை வைத்த பரிமாறுபவர் என் பக்கம் குனிந்து சொன்னார்:

"மேடம், இன்னிக்கு ஆலிவ்ல கொட்டை இருக்கு. எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னார் சமையல்காரர்."

"நான் சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் என் கணவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"எங்க வீட்ல ஒரு அரை டாக்டர் இருக்காங்க. ஊர்ல எவனுக்கு விக்கினாலும் ஓடுவாங்க. கட்டின புருஷன் தண்ணி கேட்டா, உங்களுக்குக் கை இல்லையாம்பாங்க."

அவருடைய ஆபீஸ் நண்பர்கள் மூவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பேச்சின் நடுவே குறுக்கிட்டால் அவருக்குப் பிடிக்காது. வாயை மூடிக்கொண்டேன். அவர் கிண்ணத்திலிருந்து ஒரு காயை எடுத்து மேலே எறிந்தார். அண்ணாந்து, அழகாகப் பிடித்தார்.

நடிப்புக்கும் நிஜத்துக்கும் ஒரே வித்தியாசம் சத்தம்தான். நடிக்கும்போது அவர் கர்புர் என்று ஊரைக் கூட்டுவார். நிஜமாகவே மூச்சுக்குழாய் முழுக்க அடைத்துக்கொண்டவரால் இருமக்கூட முடியாது. வகுப்பின் முதல் பத்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன். அன்று அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார், சத்தம் வரவில்லை. எங்கள் தாம்பத்தியத்திலேயே அவர் ஒரு விருந்தில் பேசாமல் இருந்தது அன்றுதான்.

"மச்சான், இன்னிக்கு நடிப்பு பிரமாதம்" என்றார் என் நாத்தனாரின் கணவர். ஒரு நண்பர் என் கணவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அவர் என்னையே பார்த்தார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் கண்டதில்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த அந்த ஒரே வேலை எவ்வளவு பெரியது என்று அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. அதைச் சட்டென்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நாத்தனாருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "அண்ணி, அண்ணன் மூஞ்சி நீலமாகுதே."

"குடையைப் பாரு. உன் மூஞ்சியும்தான் நீலமா இருக்கு."

"ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்."

"போனா சிரிப்பார். அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிப்பார். உனக்குப் பசிக்கலையா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அவர் தலை தட்டின் மேல் சாய்ந்தது. கை தட்டினார்கள். பீட்சா வந்தது. சூடு ஆறிவிடும் என்று நான்தான் எல்லாருக்கும் எடுத்துப் போட்டேன். உதடு அசையாமல் எண்ணுவது என் தொழில் பழக்கம். இருநூற்று நாற்பது வந்ததும் எழுந்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் மூளைக்குக் காற்று போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நான்தான் வகுப்பில் சொல்கிறேன்.

பின்னால் போய், நாற்காலியோடு சேர்த்து அணைத்து, முறைப்படி அழுத்தினேன். மூன்றாவது அழுத்தத்தில் காய் வெளியே வந்து விழுந்தது. எனக்கு எப்போதுமே மூன்றுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. அதன் பிறகுதான் எல்லாரும் அலறினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் கிடத்தி மார்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். "அண்ணி உசிரைக் குடுத்துப் போராடினாங்க" என்று நாத்தனார் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி அழுகிறாள். நானும் அழுதேன். நேற்று அவருடைய சட்டைகள் ஆறையும் இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஆகவே, கொட்டை இருப்பது எனக்குத் தெரியும். அவர் நடிக்கவில்லை என்பது முதல் நொடியிலேயே தெரியும். காப்பாற்றவும் தெரியும். சமையல்காரர் சொல்ல வேண்டியதைச் சொல்லியனுப்பிவிட்டார். அவரை இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள்.

என்னைக் கைது செய்வதானால் செவ்வாய்க்கிழமைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் சார். திங்களன்று நூற்பாலையில் நாற்பது பேருக்கு வகுப்பு இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நான் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை.