பித்தளைத் திருகாணி

விசாரணை அறையில் வெக்கையாக இருக்கிறதென்று வருத்தப்பட்டீர்கள். கரி தள்ளிப் பிழைத்தவனுக்கு இதெல்லாம் நிழல் மாதிரி, ஐயா.

ஆலையில் சரக்கு இழுத்த நீராவி இஞ்சின் அது. கறுப்பி என்போம். டீசல் வண்டி வந்தபின் கொட்டகைக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடந்தாள். ஆலை விழாவுக்கு ஓட்டிக்காட்ட முதலாளி ஆசைப்பட்டார். நானும் மாப்பிள்ளையும்தான் துரு சுரண்டினோம். மாப்பிள்ளை என் தங்கை புருஷன், டிரைவர்.

"மச்சான், என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படி முதுகு தேய்ச்சதில்ல."

"இரு, தங்கச்சிகிட்ட சொல்றேன்."

அவளுடைய அடுப்பின் மேல்தகட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் தகடு பழுத்து வெடிக்கும். அந்தத் தகட்டில் ஒரு திருகாணி, அதன் நடுவில் ஈயம். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகும், ஆவி இறங்கி அடுப்பை அணைக்கும். வண்டி நிற்கும், ஆள் பிழைப்பான்.

வெள்ளோட்டத்தில் தண்ணீர்ப் பம்பு மக்கர் செய்து, ஈயம் உருகி, நடுவழியில் நின்றுவிட்டாள். "இன்னொரு தரம் நின்னா காயலான் கடைதான்," என்றார் முதலாளி.

இத்தனை வருசம் என் கையால் தீனி தின்றவள். மனசு கேட்கவில்லை. ஈயமே இல்லாமல் பித்தளையில் முழுத் திருகாணி கடைந்து மாட்டினேன். அது லேசில் உருகாது.

"ஈயம் புதுசா ஊத்திட்டியா மச்சான்?"

"ஊத்திட்டேன்பா. போய்த் தலைய சீவு, போட்டோ எடுக்கப்போறாங்க."

விழாவன்று முதல் சுற்று முடிந்ததும் இறங்கிக்கொண்டேன். அவள் ஓடுவதை வெளியே நின்று பார்க்கத்தான். மறுசுற்றில் பம்பின் சத்தம் இல்லை. கரி தள்ளியவன் காதுக்கு அது தப்பாது. மாப்பிள்ளை ஈயத்தை நம்பி, தண்ணீர் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் கூட்டத்துக்குக் கையசைத்தான். நான் ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். முதலாளி கைதட்டிக்கொண்டிருந்தார். கறுப்பியும் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தாள்.

மேல்தகடு பிளந்தது. மாப்பிள்ளையைப் பெட்டியில் மூடியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அண்ணே, அவரு என்னதான் தப்பு பண்ணாரு?" என்று தங்கை கேட்டாள்.

"கண்ணாடியப் பாக்கலம்மா," என்றேன். அது பொய்யில்லை.

திருகாணியை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, ஐயா. கறுப்பியா, மாப்பிள்ளையா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாப்பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.